எந்த பேங்கும் பிடிக்காதவன்

எந்த பேங்கும் ஒருவனுக்குப் பிடிக்கவில்லை என்றால் கோளாறு பேங்கில் இருக்காது என்று முதலில் சொன்னவள் அக்காதான். சொல்லும்போது அவள் வாயில் நாலைந்து குண்டூசிகள் இருந்தன. ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே பேசுவது அவளுக்குக் கைவந்த கலை. கீழ் வீட்டில் தையல் கடை வைத்திருக்கிறாள். பேன்ட்டின் நீளம் குறைக்க வருகிறவரை முக்காலியில் ஏற்றி நிறுத்திவிட்டு, அவர் காலடியில் உட்கார்ந்து மடிப்புக்கு ஊசி குத்தியபடியே உலக விவகாரம் எல்லாவற்றுக்கும் தீர்ப்பு சொல்லிவிடுவாள். முக்காலியில் நிற்கிறவர் அசைந்தால் ஊசி குத்தும் என்பதால் மறுத்துப் பேச ஆளிருக்காது.

அன்றைய தீர்ப்பு அவளுடைய தம்பிக்கு. மாடி அறையில் தம்பியும் அவன் மனைவியும் கம்ப்யூட்டர் விளையாட்டு தயாரிக்கிறார்கள். கம்பெனி என்று முறையாகப் பதிவு செய்து, கதவில் பலகைகூட மாட்டியாயிற்று. முதலாளி, தொழிலாளி, கூட்டிப் பெருக்குகிற ஆள் எல்லாமே அந்த இரண்டு பேர்தான். தம்பி வருஷக்கணக்காக ஒரே ஒரு விளையாட்டை எழுதிக்கொண்டிருக்கிறான். அதில் படை திரட்டலாம், கோட்டை பிடிக்கலாம், வரி போடலாம், பஞ்சம் வந்தால் தானியக் கிடங்கைத் திறந்துவிடலாம். முடிக்கத்தான் முடியவில்லை. அக்கா அவனுக்குச் சக்கரவர்த்தி என்று பெயர் வைத்தாள். தெருவும் அதையே பிடித்துக்கொண்டது. அவன் மனைவிக்குப் படம் வரைகிற வேலை, அதனால் அவள் படக்காரி. கூப்பிட்டால் இருவருமே கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பார்கள்.

படக்காரி அதுவரை வரைந்ததெல்லாம் அவன் கோட்டைக்குத்தான். யானை வேண்டும் என்றால் யானை வரைவாள். யானை வேண்டாம், குதிரை போதும் என்றால் யானையை அழித்துவிட்டுக் குதிரை வரைவாள். மதிலில் பாசி போதவில்லை என்பான், பாசி வைப்பாள். மறு வாரம் மதிலே வேண்டாம் என்று முடிவு செய்திருப்பான். இந்தக் கூத்துக்கு நடுவில் உலை கொதிக்கிற நேரம், அவன் குளிக்கப் போகிற நேரம் என்று கையில் விழுந்த சில்லறை நேரத்தையெல்லாம் சேர்த்து, ஒரு பழைய லேப்டாப்பில் அவளாகவே ஒன்று செய்தாள். அக்கா வெட்டுத்துணியைச் சேர்த்துத் தலையணை உறை தைப்பாளே, அந்த மாதிரி.

அதற்கு ‘மழை வருது’ என்று பெயர். அடுக்குமாடிக் கட்டடங்கள், பால்கனிக்குப் பால்கனி கொடிக்கயிறு, கயிற்றில் துணி. மேகம் கூடிக்கொண்டே வரும். மழைக்கு முன்னால் துணியை எடுக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தோடு எடுத்தால் நாறிப்போகும், அசந்தால் நனைந்துபோகும். பக்கத்து வீட்டுத் துணியை மாற்றி எடுத்துவிட்டால் அந்த வீட்டம்மா வந்து கதவை இடிப்பாள். ஒரு கட்டடம் முடிந்தால் அடுத்த கட்டடம். அவ்வளவுதான் விளையாட்டு.

“இதையெல்லாம் யாரு ஆடப் போறா?” என்றான் சக்கரவர்த்தி.

ஆடினார்கள். முதலில் அக்காவின் கடைக்கு வந்தவர்கள் ஆடினார்கள். ஜிப் மாற்றக் காத்திருந்த வேன் டிரைவர் ஒருவர் கையில் அக்கா போனைத் திணித்தாள். படக்காரி அவருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அந்தத் தொழிலில் அது ஒரு கட்டாயம். வெளி ஆள் ஆடும்போது செய்தவர் வாயைத் திறக்கக் கூடாது. எங்கே திணறுகிறார், எங்கே சிரிக்கிறார் என்று பார்க்கலாமே தவிர, ‘அந்தப் பக்கம் அழுத்துங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டாலும் சோதனை கெட்டுப்போகும்.

“ஐயையோ, போர்வை போச்சே!” என்று டிரைவர் அலறினார். “அடப்பாவி மேகமே, இந்தப் பக்கமாடா வர்ற?”

“பாவம், வேர்த்துக் கொட்டுது. எப்படின்னு சொல்லிக் குடேன்மா,” என்றாள் அக்கா.

“சொல்லக் கூடாது அண்ணி.”

“நல்ல தொழில்டியம்மா உங்களோடது. ஒருத்தன் கஷ்டப்படறதைக் கையைக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்கறதுக்குப் படிப்பு வேற.”

டிரைவரின் ஜிப் மாற்றி முடிந்து வெகுநேரமாகியும் அவர் எழுந்திருக்கவில்லை. பின்னால் வந்த இரண்டு பேர் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து யோசனை சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சிரிப்பும் கூச்சலும் படியேறி மாடி அறைக்குள் வந்தன. சக்கரவர்த்தி ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டான். அதில் பாட்டு எதுவும் ஓடவில்லை.

அவனுக்குப் பொறாமை. நாகரிகமான வேறு வார்த்தை தேடிப் பார்த்தால் கிடைக்கலாம். ஆனால் அவனுக்கு வந்தது பொறாமைதான். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. அவளுக்கு முதுகு வலித்தால் தேய்த்துவிடுவான், அவள் லேப்டாப் சூடாகிப் படுத்துக்கொண்டால் பிரித்துத் தூசி தட்டிக் கொடுப்பான். ஆனால் அவனுடைய கோட்டையைப் பார்த்து இதுவரை ஒருவர்கூட ஐயையோ என்று அலறியதில்லை. பார்த்தவர்கள் எல்லாரும் ‘பெரிய வேலை, பெரிய வேலை’ என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்கள். அந்த மரியாதை இப்போது அவன் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

அவளுடைய விளையாட்டை அவன் மூன்றாவது கட்டடத்தோடு மூடி வைத்துவிட்டான். நன்றாக இல்லை என்பதால் மூடவில்லை. அடுத்தது என்னவென்று பார்க்க அவனுடைய விரலே பரபரத்ததால் மூடினான்.

“கடைசி வரைக்கும் ஆடினீங்களா?” என்று அவள் கேட்டாள்.

“ஆடினேன்.”

“கடைசி கட்டடம் வரைக்குமா?”

“முழுசாத்தான். நல்லாயிருக்கு.”

“அவ்வளவுதானா?”

“நல்லாயிருக்குன்னா நல்லாயிருக்கு. வேற என்ன சொல்லணும்?”

அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகும் பல நாள், சாப்பாடு போடும்போதோ துணி மடிக்கும்போதோ எதையோ எதிர்பார்ப்பவள் போல அவன் முகத்தைப் பார்ப்பாள். அவனுக்கு அது எரிச்சலாக இருந்தது. ஜெயித்தவள் பாராட்டு கேட்டு நிற்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

அப்போதுதான் விளையாட்டுகளை வெளியிடுகிற ஒரு வெளிநாட்டு கம்பெனியிடமிருந்து அவள் பெயருக்கு மெயில் வந்தது. ‘மழை வருது’வைப் பல மொழிகளில் தாங்களே வெளியிடுகிறோம், முன்பணம் தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. தனி ஆள் கணக்குக்குப் பணம் அனுப்ப மாட்டார்கள். கம்பெனி பெயரில் பேங்க் கணக்கு வேண்டும். மாத முடிவுக்குள் கணக்கு எண் வந்து சேராவிட்டால் அந்த இடத்தை வேறொரு விளையாட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

படக்காரி மெயிலைப் படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா கீழேயிருந்து ஓடிவந்து, என்னவென்று கேட்காமலே அவளைக் கட்டிக்கொண்டாள். சக்கரவர்த்தியும் சிரித்தான். கன்னம் வலிக்கும் அளவுக்குச் சிரித்தான்.

“அக்கவுண்ட் வேலையை நான் பாத்துக்கறேன்,” என்றான். “உனக்கு இதெல்லாம் ஓடாது. நீ மிச்சம் இருக்கிற படத்தை முடி.”

“நிஜமாவா?” என்று அவள் சந்தோஷப்பட்டாள். பாவம்.

மருமகளிடம் குற்றம் கண்டுபிடிக்கிற மாமியார்கூட அவனிடம் பாடம் படிக்கலாம். கடைத்தெரு முனையில் இருந்த பேங்கில் எப்போதும் கணக்கில் வைத்திருக்க வேண்டிய தொகை அதிகம் என்றான்; அது நியாயமான குறை. அடுத்த பேங்கில், வெளிநாட்டுப் பணம் வந்தால் அதில் எவ்வளவு பிடிப்பீர்கள் என்று கேட்டதற்கு, கவுன்டரில் இருந்த பெண் உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்து சொன்னாள். கேட்டுக்கொண்டு வந்ததே குறையாகிவிட்டது. மூன்றாவது பேங்கில் பிடித்தமும் குறைவு, சின்னக் கம்பெனிகளுக்கென்று தனியாக ஒரு கணக்கும் வைத்திருந்தார்கள், வீட்டுக்கும் பக்கம். சக்கரவர்த்தி அந்த பேங்கின் ஆப்பைப் போனில் இறக்கிப் பார்த்துவிட்டு அதையும் தள்ளிவிட்டான்.

“பணம் அனுப்பற பட்டனை எங்க வச்சிருக்கான் தெரியுமா? கட்டைவிரலுக்கு எட்டாத மூலையில. ஒரு படி பின்னாடி போகலாம்னு பாத்தா மொத்தமா வெளிய தள்ளுது. இதைப் பண்ணினவனைக் கூப்பிட்டு வச்சு ஒரு நாள் முழுக்க இதையே ஆட விடணும்.”

“நாம அதுல பணம் போட்டு எடுக்கத்தானே போறோம்?” என்றாள் படக்காரி. “அதுக்கு மார்க்கா போடப் போறோம்?”

“தொழில் தெரிஞ்சவன் கண்ணுக்கு இதெல்லாம் படும்.”

“ஆமா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்,” என்றாள் அக்கா. அவளுக்கென்று தனியாக ஒரு பேங்க் சிபாரிசு இருந்தது. “நான் போட்டிருக்கேனே, அங்க போட்டாத்தான் என்ன? ஏசி நல்லா குளுகுளுன்னு இருக்கும். நாற்காலியெல்லாம் மெத்து மெத்துன்னு. போன தடவை நான் தூங்கியே போய்ட்டேன், எழுப்பித்தான் பணம் குடுத்தாங்க.”

“அக்கா, இது கம்பெனி அக்கவுண்ட். தூங்கறதுக்கு இடம் பாக்கல.”

“நீ இடமே பாக்கலடா. நாளைக் கடத்திக்கிட்டு இருக்க. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைச்சுக்காதே.”

படக்காரி அப்போதும் அவனை விட்டுக்கொடுக்கவில்லை. “அவர் எல்லாத்தையும் அலசிப் பாப்பாரு அண்ணி, கல்யாணமான புதுசுல ஒரு கரண்டி வாங்கறதுக்கே நாலு கடை ஏறினாரு,” என்றாள்.

மழைக்காலம் வந்துவிட்டது. மாடி அறையின் கூரை ஒழுகும். கம்ப்யூட்டர் மேல் அக்கா தைத்துக் கொடுத்த பிளாஸ்டிக் உறையைப் போட்டு, நடு அறையில் வாளி வைத்து, இருவரும் ஜன்னலோரம் ஒதுங்கி உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சோறும், வெங்காயம் போட்டு வறுத்த முட்டையும். அவள் தன் பங்கு முட்டையில் பாதியை அவன் தட்டில் தள்ளினாள்.

“அப்ளிகேஷன்ல ஒண்ணு கேக்கறாங்க,” என்றான் அவன். “பணம் எடுக்க ஒருத்தர் கையெழுத்து போதுமா, ரெண்டு பேரும் போடணுமான்னு.”

“யாராவது ஒருத்தர்னே வச்சுடுங்க. எனக்கு உடம்புக்கு முடியலன்னா நீங்க போடுங்க. நீங்க இல்லைன்னா நான் போடறேன்.”

“ரெண்டு பேரும் போட்டாத்தான்னு வைக்கணும்.”

“ஏன்? நான் எடுத்துக்கிட்டு ஓடிடுவேனா?”

“அப்படி இல்லம்மா. கம்பெனின்னா ஒரு முறை இருக்குல்ல?”

“நமக்குள்ள என்னங்க முறை? நம்பிக்கைதானே. ஒரு பென்சில் வாங்கறதுக்கும் ரெண்டு பேர் கையெழுத்துன்னா அப்புறம் நாம புருஷன் பொண்டாட்டியா, கூட்டாளிங்களா?”

அவன் பதிலைச் சோற்றோடு சேர்த்து மென்று விழுங்கினான். அந்தக் கணக்கில் விழப்போகிற முதல் பணம் அவளுடையது. கம்பெனி அவனுடைய கனவு, பலகையில் இருக்கிற பெயர் அவன் யோசித்த பெயர், அறைக்கு மேசை வாங்கிச் சுமந்து ஏற்றியவன் அவன். முதல் பணம் மட்டும் அவளுடைய துணிக்கொடியிலிருந்து வருகிறது. அவன் கையெழுத்து இல்லாமல் அது அசையக் கூடாது என்று இருந்தாலாவது அவனுக்கு ஒரு பிடி இருக்கும். இதை எந்த வாயால் சொல்வது?

வாளியில் சொட்டுச் சொட்டென்று தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. “சரி, உன் இஷ்டம், அப்புறம் பாக்கலாம்,” என்று எழுந்து கை கழுவினான்.

மாதம் முடியப் போகிறது என்று அவள் நச்சரிக்கத் தொடங்கிய பிறகு, பெரிய ரோட்டில் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கிற பேங்குக்குத் தனியாகப் போனான். அதிகாரி டை கட்டியிருந்தார். அலுங்காமல் உட்கார்ந்து காகிதங்களையெல்லாம் புரட்டிவிட்டு, “விளையாட்டு கம்பெனின்னா என்ன சார்? பந்து, மட்டையெல்லாம் விக்கறீங்களா?” என்று கேட்டார்.

“இல்ல சார், போன்ல ஆடறது.”

“ஒண்ணு காட்டுங்களேன், பாப்போம்.”

போனில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. துணிக்கொடி படம் போட்டது ஒன்று, கிரீடம் போட்டது ஒன்று. வெளியாகப் போவது எது, எதற்காகக் கணக்கு, எதற்காகத் தான் அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாதா? கட்டைவிரல் கொடிக்கு மேலே ஒரு நொடி நின்றது. பிறகு கிரீடத்தை அழுத்திவிட்டது.

கோட்டையில் காட்டுகிற மாதிரி முடிந்திருந்தது ஒரே ஒரு இடம்தான். போரில் ஜெயித்தால் கருவூலம் திறக்கும். உள்ளே ஒரு தங்கச் சக்கரம் சுழலும். சக்கரம் நிற்கிற இடத்தைப் பொறுத்துக் காசு கொட்டும். அந்தக் காசு கொட்டுகிற அழகுக்காக அவன் மாதக்கணக்கில் உழைத்திருந்தான். அதைத்தான் காட்டினான். அதிகாரி ஒரு தடவை சுற்றினார். இன்னொரு தடவை சுற்றினார்.

“இதைச் சுத்தறதுக்கு நிஜப் பணம் கட்டணுமா?”

“இப்ப இல்ல சார். பின்னாடி வேணும்னா வச்சுக்கலாம்,” என்றான் சக்கரவர்த்தி பெருமையாக.

அதிகாரி போனைத் திருப்பிக் கொடுத்தார். காகிதங்களையும் அடுக்கித் திருப்பிக் கொடுத்தார். சூதாட்டம் மாதிரித் தொழிலுக்கெல்லாம் இந்த பேங்கில் கணக்குத் திறப்பதில்லை என்றார். இது சூது இல்லை, சாம்ராஜ்யம் என்று இவன் விளக்கப் போக, வெளியே வழி காட்டக் காவலாளி வந்துவிட்டார்.

நனைந்துபோய் வீட்டுக்கு வந்தான். படக்காரி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“விளையாட்டுன்னா என்னன்னே தெரியாத முட்டாள்,” என்று சட்டையைக் கழற்றி எறிந்தான். “டை கட்டிட்டா போதுமா? சக்கரம் சுத்தினா சூதாம்! காசு கொட்டினா சூதாம்! அப்ளிகேஷனையே மூஞ்சில எறிஞ்சுட்டான்.”

அவள் கையில் கத்தி நின்றது. “எந்தச் சக்கரம்?” என்றாள் அவள்.

அவன் வாயை மூடிக்கொண்டான். மூடியதே பதிலாகிவிட்டது.

“என்னோடதுல சக்கரமே கிடையாதேங்க.”

“ரெண்டும் நம்ம கம்பெனியோடதுதானே…”

“பணம் வரப்போறது எதுக்கு? நாள் முடியப் போறது எதுக்கு?” அவள் குரல் உயரவே இல்லை. வெங்காயத்துக்கு வந்த கண்ணீரா, மற்றதா என்று அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நாளைக்கு நானும் வரேன். மூணாவதா பாத்தீங்களே, வீட்டுக்குப் பக்கத்துல, அங்க போகலாம்,” என்றாள்.

“அந்த ஆப்பா? பட்டன்கூட விரலுக்கு…”

“என் விரல் நீளம். எட்டும்.”

மறுநாளும் மழை விடவில்லை. அவனுடைய நல்ல சட்டை எதுவும் காய்ந்திருக்கவில்லை. காலர் கிழிந்து, வெள்ளை நூல் தீர்ந்துபோன ஒரு நாளில் அக்கா நீல நூலால் தைத்துக் கொடுத்த பழைய வெள்ளைச் சட்டைதான் உலர்ந்து கிடைத்தது. அதைப் போட்டுக்கொண்டு போனான். ஒரே குடைக்குள் நடந்தார்கள்; தோள்தான் படவில்லை.

பேங்கில் கூட்டம் இல்லை. கவுன்டரில் இருந்த அம்மா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காகிதங்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். இதற்கு முன் வேறு பேங்கில் கேட்டீர்களா என்று பொதுவாகத்தான் கேட்டார். சக்கரவர்த்தி மேஜையைப் பார்த்தான். படக்காரி, “கேட்டோம் மேடம். சூதாட்டம் மாதிரி இருக்குன்னு திருப்பிட்டாங்க. தப்பான ஆட்டத்தைக் காட்டிட்டோம்,” என்று உள்ளதைச் சொன்னாள். காட்டிட்டோம் என்றாள். காட்டிட்டாரு என்று சொல்லவில்லை.

“அப்ப சரியானதைக் காட்டுங்க. நான் பாத்துட்டுத்தான் எழுதணும்,” என்றார் அந்த அம்மா. “எப்படியும் சிஸ்டம் வேற படுத்துக்கிச்சு. எழுந்திரிக்க நேரமாகும்.”

படக்காரி போனைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டாள். முதல் கட்டடத்தில் அந்த அம்மா எல்லாத் துணியையும் ஈரத்தோடு எடுத்து நாறடித்தார். “வீட்லயும் இதே கதைதான்,” என்று தலையில் அடித்துக்கொண்டார். இரண்டாவதில் சுதாரித்துக்கொண்டார். மூன்றாவது, நான்காவது என்று போய்க்கொண்டே இருந்தது. பக்கத்து கவுன்டர்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “மேடம், அந்தத் துண்டு, அந்தத் துண்டு,” என்று பதறினார். சக்கரவர்த்தி உட்கார்ந்த இடத்தில் எரிந்துகொண்டிருந்தான். இரண்டு அரசாங்கங்கள் கவிழ்ந்தாலும் இவர்கள் அவன் கோட்டைக்கு இப்படிப் பதற மாட்டார்கள்.

ஒரு கட்டடத்தில் அந்த அம்மா மாட்டிக்கொண்டார். வெயிலே படாத ஒரு பால்கனி. துணி காய மறுத்தது. “இங்க என்ன சார் பண்ணணும்?” என்று அவனைப் பார்த்துக் கேட்டார்.

அவனுக்குத் தெரியாது. “சொல்லக் கூடாது மேடம்,” என்றான். “செஞ்சவங்க வாயைத் திறக்கக் கூடாது. எங்க தொழில் வழக்கம்.”

படக்காரி அவனைத் திரும்பிப் பார்த்தாள். நேற்றிலிருந்து இறுகியிருந்த முகம் முதல் தடவையாக இளகியது. அந்த இளகல் அவனுக்கு வேறு எதையும்விட அதிகமாக வலித்தது.

அந்த அம்மா தானாகவே கண்டுபிடித்துவிட்டார். கொடிக்கயிற்றின் முனையைப் பிடித்து இழுத்துப் பக்கத்து வீட்டுப் பால்கனியில் கட்டினார், வெயில் பட்டது. “அட!” என்று கவுன்டர்காரர் கை தட்டினார். கடைசிக் கட்டடம் வந்தது. அது கட்டடம்கூட இல்லை, கீழே தையல் கடையும் மேலே ஓர் அறையும் இருக்கிற சின்ன வீடு. ஜன்னலுக்கு வெளியே கொடியில் ஒரே ஒரு சட்டை. ஜன்னலுக்கு உள்ளே ஒரு ஆள் முதுகைக் காட்டிக்கொண்டு கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தான். மழை நெருங்கியும் அவன் திரும்பவில்லை. அந்த அம்மா சட்டையை எடுத்து ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினார். அந்த ஆள் திரும்பிப் பார்த்தான். அவ்வளவு பெரிய விளையாட்டில் முகம் தெரிகிற ஒரே ஆள் அவன்தான். சட்டையை வாங்கி, வாய் நிறையச் சிரித்தான். வெள்ளைச் சட்டை, காலரில் நீலத் தையல்.

அந்த அம்மா போனைப் பார்த்தார். சக்கரவர்த்தியின் கழுத்தைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

“சார்! இது நீங்கதானே?”

‘ஆமா மேடம்’ என்று சிரித்திருந்தால் தப்பித்திருப்பான். ஆனால் அவன் கை நீண்டு, கவுன்டருக்கு மேலாகப் போய், அந்த அம்மா கையிலிருந்தே போனைப் பிடுங்கிக்கொண்டது. முகத்துக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தான். மூக்கு அவன் மூக்கு. ஒரு பக்கம் தூக்கிக்கொள்கிற உதடு அவன் உதடு. திறந்த வாயை அவனால் மூட முடியவில்லை. ஏற்கெனவே பார்த்தவன் யாரும் அப்படிப் பார்க்க மாட்டான்.

தலை நிமிர்ந்தபோது படக்காரி அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. இளகியிருந்த முகம் மெதுவாக, திரை இழுத்து மூடுகிற மாதிரி மூடிக்கொண்டது.

“அழகா பண்ணியிருக்கீங்கம்மா,” என்றார் அந்த அம்மா எதுவும் தெரியாமல். “இதுல சூதும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் எழுதிடறேன். சிஸ்டமும் வந்துடுச்சு. கடைசியா ஒண்ணு, கையெழுத்து எப்படி? யாராவது ஒருத்தர் போட்டா போதுமா, ரெண்டு பேரும் போடணுமா?”

“ஒருத்தர் போதும் மேடம்,” என்று சக்கரவர்த்தி முந்திக்கொண்டான். “யாராவது ஒருத்தர். இவங்க தனியா போட்டாக்கூட போதும்.”

“வேண்டாம் மேடம்,” என்றாள் படக்காரி. “ரெண்டு பேரும் போடணும்னு வச்சுக்குங்க.”

அவன் பேனாவை எடுத்தான். காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். கணக்கு எண்ணை அச்சடித்துக் கொடுத்தார்கள். அவள் அங்கேயே நின்று வெளிநாட்டு கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, அக்காவுக்கும் போன் பண்ணிச் சொன்னாள். அந்தப் பக்கம் அக்கா போட்ட கூச்சல் அவனுக்கும் கேட்டது.

மழை வலுத்துவிட்டதால் நடக்க முடியவில்லை. பஸ் ஸ்டாப் கூரையடியில் நின்றார்கள்.

“எனக்கு வயிறு எரிஞ்சுது,” என்றான் அவன். “மூணாவது கட்டடத்துக்கு மேல பாக்க முடியல. நல்லா இருந்துச்சு. அதான் பாக்க முடியல.”

“எரியறது எனக்குத் தெரியும். பக்கத்துல படுக்கறவளுக்குத் தெரியாதா? அதுக்கு நான் கோச்சுக்கல. நீங்க ராத்திரி பகலா கோட்டை கோட்டைன்னு அதையே கட்டிக்கிட்டு அழுதப்ப எனக்கும்தான் எரிஞ்சுது.”

“அப்புறம்?”

“கடைசி வரைக்கும் ஆடிட்டேன்னு சொன்னீங்களே. நீங்க ஏதாவது சொல்வீங்க, ஏதாவது சொல்வீங்கன்னு நான் பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு வார்த்தை இல்ல. மூஞ்சி சரியா வரலை போலிருக்கு, அதான் பிடிக்கலைன்னு நினைச்சேன். நீங்க குளிக்கப் போறப்ப எல்லாம் அந்தச் சிரிப்பை அழிச்சு அழிச்சு வரைஞ்சேன். எத்தனை தடவைன்னு எனக்கே தெரியாது.”

அவன் அவள் பக்கம் திரும்பினான். கையை நீட்டினான். “போனைக் குடு. இப்பவே ஆடறேன். முதல்லேர்ந்து ஆடறேன்.”

அவள் போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

“வெளிய வரட்டும்,” என்றாள். “காசு குடுத்து வாங்கி ஆடுங்க.”

பஸ் வந்தது. அவள் முதலில் ஏறி, இருவர் உட்காரும் இருக்கையில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, பையைப் பக்கத்து இடத்தில் வைத்தாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தான்.